கஞ்சி போட்ட சட்டை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் ஏழு வால்களும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ம்" என்பாய், மறுபடி கேட்டால் "ம்ம்" என்பாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதத்தில் "ம்" என்று எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். மே பதினெட்டாம் தேதி எனக்கு அறுபது முடிகிறது. அன்று சாயங்காலம் மாடியில் பெரிய மேசை போட்டு ஒரு விருந்து. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா, அவர் கணவர், என்னோடு திரைச்சீலை தைக்கிற தோழி, அப்புறம் நீ. பரிசு எதுவும் வேண்டாம். நீ வந்து அந்த மேசையில் உட்கார்ந்தால் போதும், எனக்கு வேறு ஆசை இல்லை. என் நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு வந்தவன் நீ. மூன்று வாரம் கழித்து உன் அத்தானைக் கடைசியாக வழியனுப்ப வந்து வாசலோடு திரும்பிவிட்டாய். பதினோரு வருஷம் ஆகிறது. கேட்டால், அந்த விருந்தில் குட்டி உன் குதிகாலைக் கவ்வியது, அன்றிலிருந்து நாய் என்றாலே ஆகவில்லை என்கிறாய். குட்டிக்கு இப்போது பதினொன்று நடக்கிறது. முன்பல் நாலு போய்விட்டது. கவ்வினால் கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

மற்ற ஆறும் கிழடுகள். வளர்த்தவர்கள் போய்ச் சேர்ந்ததும் யாரும் வேண்டாம் என்று விட்டவை. ஒவ்வொன்றும் பழைய வீட்டு நேரத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் வளர்த்தது நாலு பத்துக்குத் தெருவைப் பார்த்து விறைப்பாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடந்துபோனதும் படுத்துக்கொள்ளும். அதற்கு ஸ்டேஷன் என்றே பெயர். மற்றவற்றுக்கும் வளர்த்தவர் தொழில்தான் பெயர். ஒன்பது மணிக்கு டீச்சர் எல்லோரையும் ஒரே அறைக்குள் ஓட்டும். நர்ஸ் பகலெல்லாம் தூங்கிச் சாயங்காலம் டியூட்டிக்கு எழுந்துகொள்ளும். பேக்கரி இரட்டையர் விடியுமுன் அடுப்படியில் காத்திருப்பார்கள். வக்கீலுக்கு நேரம் காலம் கிடையாது, எதற்கும் எதிர்வாதம். மதியம் எல்லோரும் தூங்கும்போது பார்க்கவேண்டும் தம்பி, இருபத்தெட்டுக் கால்களும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். எந்தெந்தத் தெருவில் ஓடுகின்றனவோ. நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் நேரம் என்று ஒன்று இந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தோன்றும்.

வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

உன் வரவை எண்ணி,
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. உன் முழங்கால் தேவலையா?

ஹோட்டலில் இப்போது ஆள் குறைவு. சலவைப் பிரிவு முழுக்க என் தலையில். ஒரு நாளைக்கு நானூறு படுக்கைவிரிப்பு. இஸ்திரி ரோலரிலிருந்து வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும். பிற்பகலுக்கு மேல் எது துணி, எது ஆவி என்று எனக்கே பிடிபடுவதில்லை. மே மாதம் விடுமுறைக் கூட்டம் வேறு.

அதோடு, ஏழு நாய், அக்கா. ஒன்று என்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். உனக்குத் தெரியாததா? மனசால் அன்று உன் மேசையில்தான் இருப்பேன். நல்ல மேசைவிரிப்பு ஒன்று தனியாக அனுப்புகிறேன்.

குட்டிக்குப் பல் இல்லை என்றால் ரொட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடு. சூடாக வேண்டாம், ஈறு தாங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்,
தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது, மற்றபடி சுகம். மேசைவிரிப்பு வந்தது. மடிப்பைப் பிரிக்கவே மனசு வரவில்லை. ஆனால் விரிப்பை அனுப்பிவிட்டு ஆள் நழுவப் பார்த்தால் விடுவேனா?

கால்நடை ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற பெண்ணிடம் யோசனை கேட்டேன். அவள்தான் எனக்கு இந்தக் கிழடுகளைத் தள்ளிவிட்டவள். "அவர் போட்டுக் கழட்டின சட்டை ஒண்ணு வாங்கிப் போடுங்க. மூணு மாசம் அந்த வாசனையோட தூங்கினா, அவர் வரும்போது இதுங்களுக்கு அவர் பழைய ஆள் ஆயிடுவார். எழுந்துகூட பார்க்காதுங்க" என்றாள்.

ஆகவே நீ போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை உடனே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒத்திகையும் ஆரம்பித்துவிட்டேன். மேசை போட்டு, தட்டு வைத்து, உன் நாற்காலியில் டாக்டரம்மாவின் கணவரை உட்கார வைக்கிறேன். பாவம், மனுஷர் காலை மேலே தூக்கிக்கொண்டே சூப் குடிக்கிறார்.

பதில் தாமதிக்காதே,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். சட்டை அனுப்பியிருக்கிறேன். வேலை தலைக்குமேல். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 5

அடேய் தம்பி,

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது, அதனால் நலவிசாரணையெல்லாம் அப்புறம்.

போட்டுக் கழற்றிய சட்டை கேட்டால், துவைத்து, கஞ்சி போட்டு, காலர் கத்திபோல நிற்க இஸ்திரி பண்ணி, அட்டை வைத்து அனுப்பியிருக்கிறாய்! தோழியிடம் காட்டினேன். "உன் தம்பிக்கு அழுக்குச் சட்டை அனுப்பக் கையே வராதுடி, தொழில் புத்தி" என்றாள். டீச்சர் முகர்ந்தது, தும்மியது. அடுத்தது முகர்ந்தது, தும்மியது. ஏழு தும்மல். வக்கீல் மட்டும் காலரோடு கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தது.

சட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். நாலு நாள் போட்டுவிட்டு, துவைக்காமல், கசங்கலோடு அனுப்பு.

இனி சிரிப்பு இல்லாமல் ஒன்று சொல்கிறேன். அதுவும் முடியாது என்றால் ஏழையும் அனுப்பிவிடுகிறேன். ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் பேசிவிட்டேன். ஏப்ரல் முதல் தேதி ஸ்டேஷன் கிளம்பும். பிறகு ஒவ்வொன்றாக. குட்டி கடைசியில். உன் அத்தான் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்திலிருந்து கருவிப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது, தெரியுமல்லவா? இதை எழுத எனக்குக் கை ஓடவில்லை. ஆனாலும் நாயா தம்பியா என்றால் எனக்குத் தம்பிதான். அறுபது வயதில் கூடப்பிறந்த ஒருவனை மேசையில் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றையும் அனுப்பாதே. தயவுசெய்து. ஸ்டேஷனை எங்கும் அனுப்பாதே. அந்த வயதில் இன்னொரு வீட்டு வாசலை அது எங்கே போய்ப் பழகும்? நாலு பத்துக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்?

சட்டை இத்துடன். ஐந்து நாள் போட்டது. என் கூட வேலை செய்கிறவர்கள் தள்ளி நின்று பேசினார்கள். அனுப்பமாட்டேன் என்று உடனே எழுது.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

யாரையும் அனுப்பவில்லை. ஸ்டேஷன் இப்போது என் காலடியில் இருக்கிறது.

சட்டையைத் தரையில் விரித்தேன். இந்த முறை யாரும் தும்மவில்லை. ஏழும் வாலை ஆட்டின. ஆளின் வாசனைக்கு ஆட்டுகிற ஆட்டம் இல்லை அது. பதினோரு வருஷமாக இவற்றோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு வித்தியாசம் தெரியாதா? கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பைக்குள்ளே பழுப்பு நிறத்தில் குட்டை முடி, ஒரு சிட்டிகை. முழங்கை மடிப்பில் இன்னும் நாலு. முகம் வைத்துப் படுக்கிற இடம் அது.

ரொட்டியை ஊறவைக்கச் சொன்னாய், ஈறு தாங்காது என்றாய். அப்போதே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

உன் வீட்டில் நாய் இருக்கிறது. நாயிடம் உனக்குப் பயம் இல்லை. அப்படியென்றால் பதினோரு வருஷமாக நீ பயந்தது யாருக்கு? எனக்கா?

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை.

நாய் இருக்கிறது. நாலு வருஷமாக. சலவைக்கூடத்துக்குப் பின்னால் வெந்நீர்க் குழாயை ஒட்டி வந்து படுத்தாள். நெற்றி முழுக்கச் சுருக்கம். எத்தனை முறை தடவினாலும் போகாத சுருக்கம். கசங்கி என்று கூப்பிடுகிறேன். வேலை முடிந்து போனால் என் முழங்கையில் முகத்தை வைத்துக்கொள்வாள். அந்த நேரம் மட்டும் உலகத்தில் ஒரு சத்தமும் இருக்காது.

நீ கேட்டது சரி. உனக்குத்தான் பயந்தேன்.

உன் நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளன்று அத்தான் என்னிடம் சொன்னார், இதயம் போய்விட்டது, அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். நான் கேக் சாப்பிட்டேன், உனக்கு வாழ்த்துச் சொன்னேன், வண்டி ஏறிவிட்டேன். மூன்று வாரத்தில், ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை என்று நீ போன் செய்தாய். "திடீர்னு போயிட்டாருடா, திடீர்னு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். திடீரென்று இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

உன் எதிரில் உட்கார்ந்தால் வாயில் வந்துவிடும். குட்டி கவ்வியதில் பல்கூடப் படவில்லை. சாக்குக் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். இந்தப் பொய்க்காக ஏழு பேர் வீடு இழப்பார்கள் என்று நான் நினைத்தேனா?

அவர் கேட்டதைக் காப்பாற்றினேன். உன்னைக் கைவிட்டேன். அவ்வளவுதான்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

மூன்று வாரம். அந்த மூன்று வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஓர் அரங்கத்துக்கு முப்பத்திரண்டு திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வெல்வெட். கீழே மிஷினில் நான், மேலே குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர். "கொஞ்ச நேரம் வந்து சும்மா உட்காரேன்" என்பார். "இந்த ஓரத்தை மடிச்சுட்டு வர்றேன்" என்பேன். முப்பத்திரண்டு ஓரம் தம்பி. ஒன்றைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வெல்வெட்டை அப்படியே தெருவில் வீசியிருப்பேன்.

அவர் மேல் உன்னைவிடக் கோபம். ஆனால் அவரிடம் சண்டை போட முடியாதே. அதனால் இரண்டு பங்கும் உனக்குத்தான். இந்தப் பத்து நாளாக டீச்சர் என்னைச் சமையலறைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறது, அதனால்தான் சாப்பிடுகிறேன். மிஷின் முன் உட்கார்ந்தால் துணி தானாக நகர்கிறது, நான் எங்கேயோ இருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரி.

அவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை. சேதியைச் சொன்னாய், அவர் பேச்சைச் சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி ஏழு மணிக்கு வா. கசங்கியையும் கூட்டிக்கொண்டு வா. மேசையில் கோபமாகத்தான் இருப்பேன், அதற்குத் தயாராக வா.

அக்கா


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். கசங்கிக்குப் பயண அலுப்புத் தீர்ந்ததா? இங்கே இரட்டையருக்கு மட்டும் வயிறு சரியில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

விருந்து முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் தெளியவில்லை. நீ வாசலில் நின்றாய். அந்த ஐந்து நாள் சட்டையின் புண்ணியம், ஒருவரும் குரைக்கவில்லை. நேற்று வெளியே போன ஆள் திரும்பி வந்தது மாதிரி ஒரு முகர்தல், அவ்வளவுதான். கசங்கிதான் உன் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். குட்டி போய் அவள் நெற்றியை நக்கியதும், எல்லோருமாகப் படியேறிப் போய்விட்டார்கள். நாம் இரண்டு பேரும் வாசலில் மிச்சம். "இளைச்சிருக்கே" என்றேன். "நீயும்தான்" என்றாய். பதினோரு வருஷத்துக்கு அதுதான் நம் பேச்சு.

பிறகு நடந்த கூத்தை நினைத்தால் கனவா நிஜமா என்று இருக்கிறது. இரட்டையர் ரொட்டிக்கூடையை மேசைக்கு வருமுன்பே காலி செய்தார்கள். மெழுகுவத்தி ஏற்றியதும் வக்கீல் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. டீச்சர், டாக்டரம்மாவின் கணவரைச் சூப் கிண்ணத்தோடு ஓட்டிக்கொண்டு போய்ச் சமையலறை மூலையில் நிறுத்தியது. அவர், "நான் இங்கேயே குடிச்சுக்கறேன்மா, எனக்குப் பழகிடுச்சு" என்றார். நர்ஸ் டியூட்டிக்கு எழுந்து ஒவ்வொருவர் முழங்காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனது. என் முழங்காலில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

அப்புறம் எட்டும் மேசைக்கடியில் படுத்துவிட்டன, நம் கால்களின் மேலேயே. யாரும் அசைய முடியவில்லை. கோழி ஆறியது, உருளைக்கிழங்கு ஆறியது, எழுந்து சூடு பண்ண வழியில்லை. மெதுவாகப் பேச ஆரம்பித்தோம், அப்புறம் அதையும் விட்டுவிட்டோம். பாதங்களின் மேல் எட்டு மூச்சு ஏறி இறங்கியது. ஜன்னலில் நான் தைத்த வெள்ளைத் திரை உள்ளே வந்து வந்து போனது. மேசையே கொஞ்சம் மிதக்கிறது போல இருந்தது எனக்கு. கோபமாக இருப்பேன் என்று சொன்னேன் அல்லவா? காலை அசைக்க முடியாதவளுக்குக் கோபம் எப்படி வரும்?

நீ மூன்று முறை என்னைப் பார்த்து வாயைத் திறந்தாய். மூன்று முறையும் நான் உனக்குத் தண்ணீர் ஊற்றினேன். கேட்கவேண்டும் என்று பத்து நாளாகத் தவித்தவளுக்கு, உன் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. அன்று தப்பித்தது நான்தான், நீ இல்லை.

இப்போது கேட்கிறேன். அன்று அவர் என்ன சொன்னார்? எங்கே நின்று சொன்னார்? வார்த்தை வார்த்தையாக எழுது. எனக்காகக் கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணி அனுப்பாதே.

காத்திருக்கிற,
அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கசங்கியும் சுகம். அவள் இப்போதெல்லாம் ஒன்பது மணிக்கு என்னை மூலைக்கு ஓட்டப் பார்க்கிறாள், உன் வீட்டில் கற்றது. அடுத்த மாதம் நாலு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன், கொடுத்துவிடுவார்கள். உன் முழங்காலை டாக்டரிடம் காட்டு.

நீ கேட்டதை எழுதுகிறேன்.

கேக் வெட்டுவதற்கு முன் நாற்காலி ஒன்று குறைகிறது என்று அத்தானையும் என்னையும் கீழே அனுப்பினாய். தையல் அறையில் நாற்காலி மேல் துணி மலைபோலக் கிடந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ள, எனக்கு ஹார்ட் போயிடுச்சாம். ரொம்ப நாள் இல்லையாம். படி ஏறக்கூடாதாம், ஓடக்கூடாதாம். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் படி ஏறாம எப்படிய்யா வேலை பார்க்கிறது?"

சிரித்தார். அது நிஜம், உனக்காக நான் சேர்த்தது இல்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. நீயும் சொல்லாதே. சொன்னா நாளையிலேருந்து என்னை நோயாளியா பார்ப்பா. இப்போ திட்டிக்கிட்டே ஒரு பார்வை பார்க்கிறா பாரு, எனக்கு அது வேணும். கடைசி வரைக்கும் அதுதான் வேணும்."

அக்காவுக்கு என்ன வேணும் என்று அவளைக் கேட்டீர்களா என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அவர் என் கையைப் பிடித்தார், தலையாட்டிவிட்டேன். கை சில்லென்று இருந்தது.

அப்போது மேலேயிருந்து நீ கூப்பிட்டாய். "என்னங்க, நாற்காலி எடுக்கப் போனீங்களா, செய்யப் போனீங்களா?"

இதுவரை எழுதிவிட்டு ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீ வார்த்தை வார்த்தையாகக் கேட்டாய், அதனால் இதையும் எழுதுகிறேன். உன் குரல் கேட்டதும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என் கையை விட்டார், நாற்காலியை விட்டார். "இதோ வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு ஓடினார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவார் என்று பார்த்தேன். நிற்கவில்லை. நீ கூப்பிட்ட அவசரத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவித் தாவிப் போய்விட்டார், அக்கா. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் மெதுவாகத்தான் பின்னால் வந்தேன்.

உன்,
தம்பி